பாக்கியலெட்சுமிக்குப் பின்னால் விஜயலெட்சுமி

மூன்றாவது பெயருக்கு ஆள் வரவில்லை.

"பாக்கியலெட்சுமி" என்றது டெப் என்கிற கையகலக் கணினி. பத்து விநாடி பொறுத்து மறுபடியும் "பாக்கியலெட்சுமி" என்றது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தூணில் கட்டியிருந்த ஸ்பீக்கர் அந்தப் பெயரை நமுனுகுல மலை வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தது. பாக்கியலெட்சுமியின் கொழுந்துச் சாக்கு வரிசையில் மூன்றாவதாகப் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. பாக்கியலெட்சுமியைத்தான் காணோம்.

விஜேந்திரன் திரையைப் பார்த்தான். திரையைப் பார்ப்பது அவனுக்குப் பிறவிக் குணம். யாராவது எதிரில் நின்று பேசினாலும், திரையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவான். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமையோடு அவனுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. அன்றைக்குக் கொழும்பிலிருந்து தோட்டக் கம்பெனியின் டிரெக்டர் வந்து பகல் நிறுவையை நேரில் பார்க்கப் போகிறார். டெப் ஒழுங்காகக் கூப்பிட்டால் வேலை நிரந்தரம். கூப்பிடாவிட்டால் பூனாகலைத் தோட்டத்து லயக் குடியிருப்புக்குத் திரும்பிப் போய், "என்னடா, லீவா?" என்று கேட்கிற முப்பது வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அவன் வேலை பார்க்கும் புரோகிராம் கம்பெனி பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. முதலாளி குமாரசிங்கம். எழுதியதைச் சோதித்துப் பார்க்க ஸுலைஹா. எழுதுவதற்கு விஜேந்திரன். தோட்டம் கேட்டது மிகச் சின்ன வேலை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தள்ளுமுள்ளு இல்லாமல், சாக்கு வந்த வரிசைப்படி ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தராசு காட்டும் எடையை அந்தப் பெயருக்கு நேரே எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

இப்படி ஆட்களை வரிசையாகப் போட்டு வைப்பதற்குப் புரோகிராம் மொழியிலேயே ஆயத்தமான கொள்கலன்கள் உண்டு. எடுத்துப் பாவிக்க வேண்டியதுதான். ஸுலைஹாவும் அதைத்தான் சொன்னாள். விஜேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது.

"வரிசையப் பத்தி எனக்கா சொல்லித் தர்றீங்க? நா பீலியில குடம் வச்சு வளந்தவன்."

பூனாகலையில் அவன் லயத்துக்குத் தண்ணீர் பிடிக்க ஒரே ஒரு பீலி. அங்கே ஆள் நிற்காது, குடம் நிற்கும். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. கொழும்புக்காரன் எழுதியிருந்தால் ஆட்களை வரிசையில் வைத்திருப்பான். விஜேந்திரன் சாக்குகளை வைத்தான். இரண்டு வாரம் உட்கார்ந்து சொந்தமாகவே ஒரு கொள்கலன் எழுதி, 'பீலி வரிசை' என்று பெயரும் சூட்டினான். உள்ளே இருக்கும் ஏற்பாடு இதுதான்: டெப் முதல் ஆளின் கையை மட்டும் பிடித்திருக்கும். முதல் ஆள் இரண்டாம் ஆளின் கையைப் பிடித்திருப்பார். இரண்டாம் ஆள் மூன்றாம் ஆளின் கையை. தனக்குப் பின்னால் நிற்பவரைத் தவிர யாருக்கும் யாரையும் தெரியாது. கடையில் அரிதட்டு விற்கும்போது வீட்டில் தகரத்துக்கு ஆணியடித்து ஓட்டை போடுகிற வேலை இது என்று ஸுலைஹா சொன்னாள். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

"அந்தக்கா எங்கண்ணே?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

சாக்கில் தொங்கும் அட்டையை டெப்புக்குக் காட்டி வரிசையில் சேர்ப்பவரும், பிறகு அந்தச் சாக்கைத் தூக்கித் தராசில் மாட்டுபவரும் கந்தப்பன். அளந்து பேசுகிற மனிதர்.

"புள்ளக்காம்பராவுக்குப் போயிருக்கு. கைப்புள்ளக்காரி. பால் குடுக்கணும்ல."

சாக்கை மாட்டி எடையை எழுதிவிட்டால் என்ன என்றும் அவர் கேட்டார். அது முடியாது. ஆள் கண்ணால் பார்க்காமல் எடை எழுதக்கூடாது என்பது இந்தத் தோட்டத்துப் பெண்கள் போராடி வாங்கிய உரிமை. அதை டெப்பிலும் கண்டிப்பாக எழுதி வைத்திருந்தான். ஆகவே டெப் காத்திருந்தது. பாக்கியலெட்சுமிக்குப் பின்னால் முப்பது சாக்குகளும் காத்திருந்தன. பீலியில் ஆளில்லாத குடத்தை அடுத்தவள் நிரப்பித் தள்ளி வைப்பாள் என்பது விஜேந்திரனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதைப் புரோகிராமில் எழுதவில்லை.

நல்ல காலம், இந்த வாரம் முழுக்கக் கணக்கப்பிள்ளையின் கொப்பியும் பக்கத்தில் திறந்திருக்க வேண்டும் என்று பேச்சு. அவர் பேனாவை எடுத்தார். டெப்பை ஓரத்தில் வைத்தார்கள்.

பகல் நிறுவைக்குள் விஜேந்திரன் அதைச் சரிசெய்துவிட்டான். கூப்பிட்டு ஆள் வராவிட்டால் அவரை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடும். சின்னத் திருத்தம், நான்கே வரி.

பகலில் பாக்கியலெட்சுமி இரண்டு நிமிடம் போய்விட்டு வருவதற்குள் மூன்றாம் இடத்திலிருந்து முப்பத்து மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தது குற்றமா என்று கேட்டாள். விஜேந்திரன் திரையைப் பார்த்து, அது குற்றமில்லை என்றும் புரோகிராம் அப்படித்தான் என்றும் விளக்கினான். சாயந்தர நிறுவைக்கு ஒருத்தியும் வரிசையை விட்டு அசையவில்லை. இதைப் பார்த்து அவன் மகிழ்ச்சியடைந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பிள்ளைக்காம்பரா ஆயம்மா இரண்டு கையிலும் இரண்டு அழுகிற பிள்ளைகளோடு மடுவத்துக்கு ஏறி வந்தாள்.

"வரிசைய விட்டுத் தாய்மாருக வர மாட்டேங்குதுக. அப்ப நீங்களே வச்சுக்கோங்க."

அதில் ஒன்றை அவன் மடியில் வைத்துவிட்டு மற்றதோடு போய்விட்டாள். மடியில் வைத்தது பாக்கியலெட்சுமியின் பிள்ளை. அது அவனைப் பார்த்தது. அவன் திரையைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அவனுடைய கால்சட்டை நனைந்தது. லெப்டொப் தப்பியது.

அன்று பஸ்ஸில் பதுளைக்குத் திரும்பும்போது அவனுக்கு ஒன்று விளங்கியது. ஆட்கள் போவதைத் தடுக்க முடியாது. போகிறவர்கள் இடத்தை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தானே போகிறார்கள்? "என் எடத்தப் பாத்துக்கடி" என்று சொல்லாமல் எந்தப் பெண்ணும் எந்த வரிசையையும் விட்டு நகர்ந்ததில்லை. அதையே எழுதிவிட்டால் போயிற்று. கூப்பிட்ட ஆள் இல்லாவிட்டால், அவர் யாரிடம் இடத்தை ஒப்படைத்தாரோ அவரை டெப் கூப்பிடும். அவர் வந்து நிறுத்துவிட்டுப் போவதற்குள் இவர் வந்துவிடுவார்.

புதன்கிழமை காலை ஒபிஸிலிருந்து புறப்படும்போது ஸுலைஹா அதைப் படித்துப் பார்த்தாள்.

"ரெண்டு பேர் ஆளுக்காள் இடத்த ஒப்படைச்சிட்டு ரெண்டு பேருமே போனா?"

"யாராச்சும் அப்பிடிச் செய்வாங்களா?"

அவன் இன்னும் விஜயலெட்சுமியைச் சந்திக்கவில்லை.

விஜயலெட்சுமி பாக்கியலெட்சுமியின் நாத்தனார். தோட்டத்திலேயே அதிகம் கொழுந்து எடுக்கிறவள்; தொழிற்சாலை ஒபிஸ் சுவரில் அவள் படம் மாட்டியிருக்கிறது. நாத்தனார் இரண்டு பேரும் பதினொரு வருடமாக ஒரே நிரையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்கள். சாக்கை இறக்கியதும் பாக்கியலெட்சுமி, "மதினி, எடத்தப் பாத்துக்கங்க" என்பாள். விஜயலெட்சுமி, "எனக்கும் பாத்துக்க" என்பாள். சொல்லிவிட்டு இரண்டு பேரும் போய்விடுவார்கள். பதினொரு வருடத்தில் அந்த இரண்டு இடமும் ஒருநாளும் தொலைந்ததில்லை. எப்படி என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

யார் இடம் யாரிடம் என்று பதிய, கந்தப்பன் சொன்னபடி இரண்டு அட்டையையும் சேர்த்து டெப்புக்குக் காட்டினார்.

"பாக்கியலெட்சுமி" என்றது டெப். அவள் இல்லை. இடம் விஜயலெட்சுமியிடம். "விஜயலெட்சுமி" என்றது. அவளும் இல்லை. இடம் பாக்கியலெட்சுமியிடம். "பாக்கியலெட்சுமி" என்றது.

பிறகு அது மூச்சு விடவே இல்லை. முதலில் பத்து விநாடிக்கு ஒரு பெயர். ஆள் வர வரத்தானே பொறுமை. வராதபோது டெப் வேகம் பிடித்தது. பாக்கியலெட்சுமி விஜயலெட்சுமி பாக்கியலெட்சுமி விஜயலெட்சுமி என்று மலையும் சேர்ந்து கத்தியது. விஜேந்திரன் நிறுத்தப் பார்த்தான். திரை உறைந்துவிட்டது. அணைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தான். அணையவில்லை. கந்தப்பன் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார். டெப் தன் சொந்தக் குரலிலும் கத்த வல்லது என்பது அப்போது தெரிந்தது. கடைசியில் அதை ஒரு சாக்கில் சுற்றிக் கொழுந்துக் குவியலுக்குள் புதைத்தார்கள். கொழுந்துக்குள்ளிருந்தும் சத்தம் மெல்ல வந்துகொண்டிருந்தது.

அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. தோட்டத்தில் ஸ்பீக்கரில் இரண்டு பெண்கள் பெயரை விடாமல் கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: குளவி. மேல் மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த இரண்டு புருஷன்மாரும் கத்தியைப் போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து ஆறு பேர் கம்பளிகளோடு வந்தார்கள். மெனேஜர் துரை பதுளை ஆஸ்பத்திரிக்கு அறிவித்துவிட்டு லொறியை அனுப்பினார். லொறி மடுவத்தில் வந்து நின்றபோது, லயத்துப் பக்கமிருந்து பாக்கியலெட்சுமியும் விஜயலெட்சுமியும் வெற்றிலை போட்டுக்கொண்டு சாவகாசமாக நடந்து வந்தார்கள்.

"என்ன கூட்டம்? யாருக்கு என்ன?" என்றாள் விஜயலெட்சுமி.

பகல் ஒரு மணிக்குக் குமாரசிங்கம் போனில் வந்தார். மடுவத்துக்குப் பக்கத்துப் பாறையில் ஏறி நின்றால்தான் சிக்னல். விஜேந்திரன் ஏறி நின்றான்.

"தம்பி, என்ன கூத்து உது? ரெண்டு மனுசியளைக் குளவி கொத்தினதெண்டு மெனேஜர் சொல்லுறார்."

"குளவி இல்ல சேர். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கைகாட்டினதுல புரோகிராம் சுத்திக்கிட்டே இருந்திருச்சு."

"சுத்தினது கொத்தினதை விட மோசம். ஆயத்தமாக் கிடக்கிற சாமானை விட்டிட்டு ஏன் நீர் புதுசாக் கட்டினீர்? பழசைத் திருப்பிப் போடும்."

போட முடியாது. தராசு, அட்டை, பெயர் கூப்பிடுகிற குரல் எல்லாவற்றையும் பீலி வரிசையில்தான் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அதை உருவினால் எல்லாம் விழும். இதை அவன் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தான்.

குமாரசிங்கம் நல்ல மனிதர்; ஆனால் கடனெடுத்துத் தொடங்கிய கம்பெனி. அவர் கடைசியாகச் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை நான் டிரெக்டரோட வாறன். சட்டையின்ர இடப்பக்கப் பையில நிரந்தரக் கடிதம் இருக்கும். வலப்பக்கப் பையில மற்றக் கடிதம் இருக்கும். எந்தப் பைக்குள்ள கை போடுறதெண்டதை நீர்தான் சொல்லவேணும்."

அதற்குப் பிறகு விஜேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை புதிய திருத்தத்தோடு வந்தான். சுற்றிச் சுற்றி வருவதற்கு வைத்தியம்: ஏற்கெனவே கூப்பிட்ட பெயர் மறுபடி எதிர்ப்பட்டால், அந்த இடத்தில் கையை உதறிவிடு. கச்சிதமாக இருந்தது. டெப் பதினான்கு பெயர்களைக் கூப்பிட்டது. பதினான்கு பேரும் வந்து நிறுத்தார்கள். பதினைந்தாவதாக நாத்தனார்களின் முறை. பாக்கியலெட்சுமி, விஜயலெட்சுமி என்று கூப்பிட்டு, மறுபடி பாக்கியலெட்சுமி எதிர்ப்பட்டதும் டெப் சொன்னபடி கையை உதறியது.

அவள் கையை உதறினால் அவளுக்குப் பின்னால் கைகோத்து நின்ற அத்தனை பேரும் போய்விடுவார்கள் என்பதை அது யோசிக்கவில்லை. எழுதியவனும் யோசிக்கவில்லை.

"நிறுவை முடிந்தது. நன்றி" என்றது டெப்.

வெளியே தூறலில் பத்தொன்பது சாக்குகள் நனைந்துகொண்டிருந்தன. டெப்பின் கணக்குப்படி அந்தப் பத்தொன்பது பேரும் இன்றைக்கு வேலைக்கே வரவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்று கணக்கப்பிள்ளை தன் கொப்பியிடம் சொன்னார்.

பெண்கள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அங்கே நின்றவர்கள் எல்லோரும் அவரவர் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் திரும்பி வந்த விஜயலெட்சுமி, கணுக்காலிலிருந்து ஓர் அட்டைப்பூச்சியைப் பிடுங்கி அவன் மேசைக் காலுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"காலையில ஏழு மணியிலருந்து இதுக்கு ரத்தம் குடுத்தது யாரு தம்பி? நானா, இந்த டெப்பா?"

விஜேந்திரன் திரையைப் பார்த்தான். திரையில் நன்றி என்றுதான் இருந்தது.

கணக்கப்பிள்ளை எழுந்து கையால் எழுதத் தொடங்கினார். ஆள் இல்லாத சாக்கைத் தாண்டினார். ஆள் வந்ததும் திரும்பி வந்தார். யார் யாருக்குப் பின்னால் என்று ஒருத்தரையும் கேட்கவில்லை. பத்தொன்பது சாக்கும் ஒன்பது நிமிடத்தில் முடிந்தன. விஜேந்திரன் பாறையில் ஏறி ஸுலைஹாவைக் கூப்பிட்டான். மழைக்குச் சிக்னல் விட்டு விட்டு வந்தது. தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.

"பத்தொம்பது பேர் காணாமப் போயிட்டாங்க. இனிமே ஒருத்தரும் கைய விடவே முடியாத மாதிரி எழுதப் போறேன். டெப்ப அணைச்சாக்கூடப் பட்டியல் உள்ளுக்கே இருக்கும்."

ஸுலைஹா ஏதோ கேட்டாள். பட்டியலை எப்போது அழிப்பது என்பதைப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தது. பாதியில் சிக்னல் போய்விட்டது. திரும்பி வந்ததும் அவன் அந்தக் கேள்வியை விட்டுவிட்டான். அவனுக்கு வேறு பயம்.

"நாளைக்குச் சரிவரல்லன்னா எனக்கு வேல இல்ல ஸுலைஹா. கேக்குதா? வேல இல்ல. லயத்துக்குப் போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

கீழே மடுவத்துத் தாழ்வாரத்தில் முப்பத்து மூன்று பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் பார்க்கவில்லை, போன் திரையில் சிக்னல் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

அன்று சாயந்தர நிறுவைக்கு டெப் ஒரு தவறும் செய்யவில்லை. மழைக்குப் பயந்து பெண்கள் எங்கேயும் போகவில்லை. கூப்பிட்டதும் வந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு ஓடினார்கள். இதுதான் அவன் கேட்ட அதிசயம். குமாரசிங்கத்துக்குச் சொன்னான். வென்ற குதிரையை மறுபடி ஓட்டிப் பார்க்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. நாளைக் காலை நிறுவைக்கு டெப்பைத் தொடவே வேண்டாம், சார்ஜில் போட்டு வையும், நேரே பகல் நிறுவைக்கு எடுத்தால் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு மடுவத்தில் மூடுபனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் மனிதர்கள் வெறும் உருவங்களாகத்தான் தெரிந்தார்கள். பெண்கள் தலையில் ரெட்டுத் துணியும் இடுப்பில் படங்குச் சாக்குமாக வெளியே நின்றார்கள். உள்ளே, நனையாத இடத்தில் டிரெக்டர் நின்றார்; பக்கத்தில் மெனேஜர் துரை, குமாரசிங்கம், ஸுலைஹா. குமாரசிங்கத்தின் சட்டைக்கு மெய்யாகவே இரண்டு பக்கமும் பை இருந்தது. இரண்டும் புடைத்திருந்தன.

விஜேந்திரன் டெப்பைத் தட்டினான். கந்தப்பன் சாக்கு அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் பீப் என்று சத்தம் வந்தது. பட்டியல் திரையில் நிறைந்தது.

முதல் பெயர்.

"இருக்கேன்" என்றது பனிக்குள்ளிருந்து ஒரு குரல். ஆள் வந்தாள். சாக்கு ஏறியது. எடை விழுந்தது.

இரண்டாவது பெயரை டெப் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் "இருக்கேன்." மூன்றாவது. நான்காவது. விஜேந்திரன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் எடை வந்து உட்காரும்போது அவன் உயிர் ஒவ்வொரு முழமாகத் திரும்பி வந்தது.

ஏழாவது பெயர் பாக்கியலெட்சுமி.

"இருக்கேன்."

பன்னிரண்டு கிலோ. எட்டாவது விஜயலெட்சுமி. "இருக்கேன்." ஒன்பது கிலோ. மெனேஜர் துரை புருவத்தைத் தூக்கினார். விஜயலெட்சுமி பகலுக்கு ஒன்பது கிலோவா, இருபதுக்குக் குறைந்து அவளை நான் பார்த்ததில்லையே என்று கேட்டார்.

"மல ஈரங்க தொர. கை வழுக்குது" என்றார் கந்தப்பன், சாக்கை இறக்கிக்கொண்டே. துரை தலையாட்டினார்.

பதினாறாவது பெயரைக் கண்டதும் விஜேந்திரன் திரைக்கு இன்னும் கிட்டக் குனிந்தான். திரையில் மறுபடியும் பாக்கியலெட்சுமி. ஒரே ஆள் இரண்டு தடவை. நிறுத்த வழியில்லை. டெப் கூப்பிட்டேவிட்டது.

"இருக்கேன்."

யாரோ வந்தார்கள். சாக்கு ஏறியது. பதினைந்து கிலோ. விஜேந்திரன் கண்ணை மூடித் திறந்தான். இரண்டு சாக்கு கொண்டுவந்திருக்கிறாள், மகராசி. டெப் சரியாகத்தான் கூப்பிட்டிருக்கிறது. தன்னுடைய கொள்கலனின் புத்தி தனக்கே தெரியாமல் போய்விட்டதே என்று அவனுக்குக் கண் கலங்கியது.

எல்லாச் சாக்கும் இருபது நிமிடத்தில் முடிந்தன. ஒரு வாக்குவாதம் இல்லை, ஒரு தள்ளு இல்லை. ஒருத்தியும் வரிசையை விட்டு வெளியே போகவில்லை. பிள்ளைக்காம்பராவிலிருந்தும் சத்தம் இல்லை. துரைக்கு நம்ப முடியவில்லை. இந்தத் தோட்டத்துக்கு வந்து ஆறு வருடத்தில் இப்படி ஒரு நிறுவையைப் பார்த்ததில்லை என்று டிரெக்டரிடம் சிங்களத்தில் சொன்னார். டிரெக்டர் ஏதோ கேட்டார். துரை திரும்பி, இதே புரோகிராமைக் கம்பெனியின் ஒன்பது தோட்டத்திலும் போட எத்தனை நாள் ஆகும் என்று குமாரசிங்கத்தைக் கேட்டார். குமாரசிங்கம் ஒரு மாதம் என்றார். சொன்ன பிறகுதான் விஜேந்திரனைப் பார்த்தார்.

டிரெக்டர் அதோடு நிற்கவில்லை. கணக்கப்பிள்ளையின் கொப்பியை வாங்கி, தானே மூடி, துரையின் கையில் கொடுத்தார். திங்கட்கிழமை முதல் கொப்பி கிடையாது, டெப் சொல்வதுதான் கணக்கு என்று துரை தமிழில் அறிவித்தார். கணக்கப்பிள்ளை பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறார்கள் என்று விஜேந்திரன் நினைத்தான்.

குமாரசிங்கம் இடப்பக்கப் பைக்குள் கையை விட்டார்.

"தம்பி, நான் சொன்னதையெல்லாம் மறந்துவிடும். நீர் கெட்டிக்காரன்."

விஜேந்திரன் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினான். ஸுலைஹா மட்டும் டெப்பை வாங்கி, மேலும் கீழும் தள்ளி, எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பட்டியலின் மேல்மூலையில் அழியாமல் நின்ற நேற்றைய தேதியை இரண்டு தடவை பார்த்தாள். டெப்பை அணைத்து, தன் பைக்குள் போட்டு, பையின் வாயையும் இழுத்து மூடினாள். டிரெக்டரின் ஜீப் புறப்பட்டது. குமாரசிங்கம் ஹோன் அடித்து அவர்களைக் கூப்பிட்டார்.

விஜேந்திரனுக்கு அப்படியே போய்விட மனம் வரவில்லை. நாலு நாளில் முதல் தடவையாக நிமிர்ந்து நின்று மடுவத்தைச் சுற்றிப் பார்த்தான். பெண்கள் பனிக்குள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள், முதுகுகள்தான் தெரிந்தன. கந்தப்பன் மட்டும் வெறும் சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார். அவன் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, எல்லாருக்கும் சொல்லுங்க. முக்கியமா அந்தப் பாக்கியலெட்சுமி அக்காவ ஒருக்காக் கூப்பிடுங்க. ரெண்டு சாக்கோட வந்து என் மானத்தக் காப்பாத்தினாங்க. அவங்க மூஞ்சியப் பாத்து நன்றி சொல்லிட்டுப் போறேன்."

கந்தப்பன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, மடித்த சாக்கை மற்றச் சாக்குகளுக்கு மேல் வைத்தார்.

"பாக்கியலெட்சுமி காலையிலயே புள்ளயத் தூக்கிக்கிட்டுப் பதுளை கிளினிக்குக்குப் போயிருச்சு தம்பி, மெஷின் எந்தப் பேரச் சொன்னாலும் முன்னுக்கு நிக்கிறவ 'இருக்கேன்'னுட்டுப் போயிரணும், இல்லாட்டிப் பாவம் தம்பிக்கு வேல போயிரும்னு காலையில பேர் குடுக்கிற பெரட்டுலயே எல்லாரும் பேசி முடிச்சிட்டாங்க."